பாதுகாப்புப் பாடத்தில் பாலினத்துக்கு ஒரே ஒரு வாரம், எப்படி நடத்துவது?

தூரத்துமேகம்:
வணக்கம். வரும் செமஸ்டரில் முதுகலை மாணவர்களுக்குத் தேசியப் பாதுகாப்பு தாளை முதல்முறையாக எடுக்கப் போகிறேன். முன்பு எடுத்தவர் விட்டுப்போன பாடத்திட்டத்தில் பன்னிரண்டாவது வாரம் 'பெண்களும் பயங்கரவாதமும்' என்று இருக்கிறது, மற்ற எந்த வாரத்திலும் பாலினம் என்ற சொல்லே கிடையாது. கையில் இருக்கும் கட்டுரைகள் எல்லாமே பெண் தற்கொலைப்படையினரைப் பற்றியவை. படிக்கப் படிக்க, அவர்களை ஏதோ காட்சிப்பொருளாக நிறுத்தி வைத்திருப்பது போல எனக்கே சங்கடமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்? இதிலேயே ஆய்வு செய்ய விரும்பும் இரண்டு மாணவர்களும் இருக்கிறார்கள்.

மணல்மேடு:
முதலில் அந்தத் தலைப்பைத் தூக்குங்கள். பாலினம் என்றாலே பெண்கள்தான் என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. ஆயுதம் தூக்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அவர்களைப் பற்றிப் பேசும்போது வறுமை, மதம், அரசியல் எல்லாம் வரும், ஆண்மை மட்டும் வராது. ஆள் சேர்க்கிறவர்களுக்கோ அது நன்றாகத் தெரியும், 'நீ ஆம்பளைதானா' என்ற சீண்டலை அவர்கள் சும்மா பயன்படுத்துவதில்லை.

நான் முதல் வகுப்பிலேயே கனடாவின் மொன்றியலில் நடந்த தாக்குதலை எடுப்பேன். 1989 டிசம்பர் 6 அன்று ஒரு பொறியியல் கல்லூரியில் ஒருவன் மாணவர்களையும் மாணவிகளையும் தனித்தனியாகப் பிரித்து, பெண்ணியவாதிகளை வெறுப்பதாகச் சொல்லிச் சுட்டான். 14 பெண்கள் இறந்தார்கள். அங்குள்ள நினைவுப் பலகையில் வெகுகாலம் அது ஒரு 'துயர நிகழ்வு'. 'பெண்ணிய எதிர்ப்புத் தாக்குதல்' என்று மாற்றி எழுதியது 2019இல், அதாவது முப்பது வருடம் கழித்து! அப்புறம் 2018இல் டொராண்டோவில் இன்செல் கூட்டத்தோடு (தங்களுக்குத் துணை கிடைக்காததற்குப் பெண்களைப் பழிக்கும் ஆண்களின் இணையக் கூட்டம்) தன்னைச் சேர்த்துக்கொண்ட ஒருவன் வேனை ஏற்றிப் பதினொரு பேரைக் கொன்றபோது கொலை வழக்குதான் நடந்தது. அதே நகரில் 2020இல் அதே இன்செல் வெறுப்பில் ஒரு பெண்ணைக் குத்திக் கொன்ற பதினேழு வயதுப் பையனின் செயலை 2023இல் நீதிமன்றம் பயங்கரவாதம் என்றது. எந்த வன்முறைக்கு அந்தப் பெயரைக் கொடுக்கிறோம், யார் செத்தால் கொடுக்கிறோம் என்று மாணவர்களிடம் கேளுங்கள், ஒரு வகுப்பு போதாது.

கடல்நுரை:
மேலே சொன்னதோடு வீட்டுக்குள் நடக்கும் வன்முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஒரு இரவு விடுதியில் 49 பேரைக் கொன்றவனின் முதல் மனைவி, அவன் தன்னை அடித்து நொறுக்கியதைப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் ஒரு எச்சரிக்கை. மனைவியை அடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாளும் பயங்கரவாதி ஆகப்போவதில்லை, ஆகவே இதை ஆளைக் கண்டுபிடிக்கும் கருவியாக யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். தன் புகார் உளவுத்துறைக் கோப்புக்குப் போகும் என்று தெரிந்தால் எந்தப் பெண் காவல் நிலையம் போவாள்? அடி வாங்குவது தன்னளவிலேயே தடுக்க வேண்டிய குற்றம், அதற்குத் தேசியப் பாதுகாப்பு என்ற சிபாரிசு தேவையில்லை.

ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2242ஆம் தீர்மானத்தையும் இதோடு படிக்க வையுங்கள். 2000இல் வந்த 1325ஆம் தீர்மானம் பெண்களை அமைதிப் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவரச் சொன்னது, 2015இல் வந்த இது பயங்கரவாத எதிர்ப்பிலும் அவர்களைச் சேர்க்கச் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் 'பிள்ளை தீவிரவாதத்துக்குப் போவதைத் தாய்மார்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்' என்று கிளம்பிய திட்டங்களில் தாய் சம்பளமில்லாத ஒற்றராக ஆக்கப்படுகிறாள், அது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

ஊதாப்பூ:
மணல்மேடு சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். பெண்களைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டால் அவர்கள் அரசியல் தெரிந்து செய்ததும் காணாமல் போய்விடும். 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரைக் கொன்றபோது குண்டு வீசியவர்களுக்குச் சைகை கொடுத்து நடத்தியவர் சோஃபியா பெரோவ்ஸ்கயா, அவரை யாரும் ஏமாற்றி இழுத்துவரவில்லை. லண்டன் மாணவி ஷமீமா பேகம் ஐ.எஸ். அமைப்பில் சேரச் சிரியாவுக்குப் போனபோது வயது பதினைந்து, 2019இல் பிரிட்டன் குடியுரிமையைப் பறித்தது. இந்த இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் வையுங்கள். பாவம் என்று ஒரு கூட்டமும் பிசாசு என்று ஒரு கூட்டமும் பிரியும், இரண்டிலும் அடங்காததைப் பேச அதுதான் நல்ல நேரம்.

இன்னொன்று, 2014 ஏப்ரலில் நைஜீரியாவின் சிபோக்கில் போகோ ஹராம் என்ற ஆயுதக் கூட்டம் 276 மாணவிகளைக் கடத்தியது உலகத்துக்கே தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்பு புனி யாடி பள்ளியில் அதே கூட்டம் மாணவிகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு மாணவர்களைக் கொத்தாகக் கொன்றது எத்தனை பேருக்குத் தெரியும்? பையன்களும் பாலினத்தால்தான் செத்தார்கள்.

ஆய்வு மாணவர்களுக்கு: பிரிட்டனில் இருந்தால் பயங்கரவாதத்துக்கு உதவக்கூடிய தகவலை இணையத்தில் பார்ப்பதற்கே பதினைந்து ஆண்டு வரை சிறை உண்டு, கல்வி ஆய்வு விலக்காக ஏற்கப்படும் என்றாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை எழுத்தில் வாங்காமல் ஒரு கோப்பைக்கூடத் தரவிறக்க வேண்டாம். பயங்கரவாதக் கூட்டங்கள் வெளியிடும் வீடியோக்களை இரவில் தனியாக உட்கார்ந்து பார்க்கவும் வேண்டாம். எனக்கு இரண்டு வருடம் தூக்கம் போனது, அப்போது இதைச் சொல்ல ஆள் இல்லை.

தூரத்துமேகம்:
எல்லோருக்கும் நன்றி. மொன்றியலை முதல் வாரத்துக்குக் கொண்டுவருகிறேன், பன்னிரண்டாவது வாரம் பெரோவ்ஸ்கயாவும் ஷமீமாவும். ஊதாப்பூ, அந்த மாணவர்கள் இருவரையும் நாளைக்கே கூப்பிட்டுப் பேசுகிறேன், ஒருத்தி ஏற்கெனவே வீடியோக்களைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள்.