குழந்தையை விட்டுவிட்டுப் போன தாயைப் போலீஸ் தேடத்தான் வேண்டுமா?

சேலத்து மலர்:
போன வாரம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பெண் குழந்தை கிடந்தது. பழைய புடவையில் சுற்றி, பக்கத்தில் பால் புட்டியும் வைத்திருந்தார்கள். பூ விற்கிற அம்மா ஒருவர் எடுத்துக் கொடுத்தார், குழந்தை நன்றாக இருக்கிறது. மறுநாளே வாட்ஸ்அப்பில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு காவலர்கள் நிற்கும் படம், கூடவே ‘கல்நெஞ்சத் தாய்க்குப் போலீஸ் வலை’ என்று செய்தி. சிசிடிவி பார்க்கிறார்களாம், பிரசவப் பதிவேடுகளைப் புரட்டுகிறார்களாம். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்ததே நம் சேலத்தில்தான். பெண் குழந்தை என்று கொன்றுவிடாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, நாங்கள் வளர்க்கிறோம் என்று அரசே சொன்ன ஊர். அதே ஊரில் இந்தப் பெண்ணை ஏன் திருடியைத் தேடுவது போலத் தேடுகிறார்கள்?

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ:
28 வருஷம் காவல் துறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். தொட்டிலில் வைத்த குழந்தையும் பஸ் ஸ்டாண்டில் கிடந்த குழந்தையும் ஒன்றல்ல, தங்கச்சி. தொட்டிலில் வைத்தால் யாரோ ஒப்படைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பஸ் ஸ்டாண்டில் கிடந்தால், விட்டது தாய்தான் என்று யார் சொன்னது? ஆஸ்பத்திரி வார்டில் இருந்து திருடப்பட்டதாக இருக்கலாம். விலை பேசி, பேரம் முறிந்து வீசப்பட்டதாக இருக்கலாம். 2019-இல் ராசிபுரத்தில் குழந்தை விற்ற வழக்கு வெளியே வந்தபோது ஊரே அதிர்ந்ததே, மறந்துவிட்டதா? தேடாமல் இருந்தால் அதுதான் தவறு.

மதுரை வக்கீல்:
தேடுவது வேறு, வழக்குப் போடுவது வேறு. சார் அதை ஒன்றாகக் கலக்கிறார். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 38-ஆவது பிரிவைப் பாருங்கள். கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தை பற்றிய விசாரணையில், வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும், பெற்ற தாய் தகப்பன் மீது எஃப்ஐஆர் பதியக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 75-ஆவது பிரிவும் அப்படித்தான், தங்கள் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலையால் கைவிட்டிருந்தால் அது வேண்டுமென்றே செய்ததாகாது. ஆனால் ஸ்டேஷனில் நடப்பது என்ன? முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 317, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 93, ஏழு வருஷம் வரை சிறை, அதைத்தான் கை தானாக எழுதுகிறது. எஃப்ஐஆர் இல்லாமல் சிஎஸ்ஆர் என்கிற சமுதாயப் பணிப் பதிவேட்டில் மட்டும் பதிந்து, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். குழு அன்று கூடவில்லை என்றால் உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தலாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர் பார்க்க வேண்டிய வேலை இது. அப்புறம் அந்த வாட்ஸ்அப் படம், அதுவே 74-ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தையின் அடையாளம் தெரிகிற மாதிரி படம் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை.

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ:
படம் தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வக்கீல் அம்மா, சூழ்நிலை கட்டுப்பாட்டை மீறியதா இல்லையா என்று தாய் யாரென்றே தெரியாமல் எப்படி முடிவு செய்வீர்கள்? இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு மழைக்காலம், அதிகாலையில் வாய்க்கால் ஓரம் குழந்தை கிடப்பதாகத் தகவல் வந்தது. குழந்தையை 108-இல் ஏற்றிவிட்டு நானும் ஒரு பெண் காவலரும் ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே போனோம். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மோட்டார் கொட்டகையில் பத்தொன்பது வயசுப் பெண், நஞ்சுக்கொடி முழுசாக வெளியே வராமல், பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் உயிர் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். தேட வேண்டாம் என்கிறீர்களே, அவளை யார் தேடியிருப்பார்கள்? அவளைப் பெற்றவர்களா? அவர்களுக்குப் பயந்துதானே அங்கே போய்ப் பெற்றாள்.

சேலத்து மலர்:
அண்ணா, படிக்கவே நெஞ்சு அடைக்கிறது. அந்தப் பெண் மீது வழக்குப் போட்டீர்களா?

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ:
போட்டோம். அப்போது 317-தான் தெரியும், மேலிடமும் அதைத்தான் கேட்டது. மறைக்க விரும்பவில்லை.

சிகாகோ சிவா:
அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். பிறந்த குழந்தையை வழக்குப் பயமில்லாமல் ஒப்படைக்க வழி செய்யும் முதல் சட்டம் 1999-இல் டெக்சாஸில் வந்தது. 2008-க்குள் 50 மாநிலங்களிலும் வந்துவிட்டது. நான் இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 2001 முதல் இருக்கிறது. 30 நாளுக்கு உட்பட்ட குழந்தையை ஆஸ்பத்திரியிலோ, தீயணைப்பு நிலையத்திலோ, ஆள் இருக்கிற போலீஸ் ஸ்டேஷனிலோ கையில் கொடுக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை, கொடுத்தவர் பின்னால் யாரும் போகக் கூடாது. உடம்பில் அடி, காயம் என்று துன்புறுத்திய அறிகுறி இருந்தால்தான் விசாரணை. போலீஸ் செய்ய வேண்டியது குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பது. காணாமல் போன குழந்தையா என்று தேசியப் பதிவேட்டில் சரிபார்க்கிறார்கள். எஸ்எஸ்ஐ சார் சொன்ன திருட்டுச் சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும், அதற்காகத் தாயைத் துரத்த வேண்டியதில்லை.

மகளின் அம்மா:
எல்லோரும் தாயைப் பற்றியும் போலீஸைப் பற்றியும் பேசுகிறீர்கள். நான் தத்தெடுத்தவள். என் மகளுக்கு இப்போது 12 வயது. அவள் கைவிடப்பட்ட குழந்தை, கோப்பில் ‘பெற்றோர் விவரம் தெரியவில்லை’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, வலிப்பு உண்டா என்று கேட்பார், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். போன மாதம் ‘என்னை யாரும் தேடி வரவே இல்லையாம்மா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தாயைச் சிறையில் போட வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் சிவா தம்பி சொல்வது போல யாரும் எதுவும் கேட்காமல் விட்டுவிட்டால் என் மகளைப் போன்றவர்கள் ஆயுசுக்கும் அந்த ஒரு வரியோடு வாழ வேண்டும். அதையும் யோசியுங்கள்.

சிகாகோ சிவா:
உண்மைதான் அக்கா. இங்கே விருப்பம் இருந்தால் உடல்நல விவரங்களை எழுதித் தரச் சொல்லி ஒரு படிவம் கொடுப்பார்கள், கட்டாயம் கிடையாது. எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். நெப்ராஸ்கா மாநிலத்தில் 2008-இல் சட்டம் போட்டபோது வயது வரம்பு வைக்கவில்லை. ஒரு தகப்பன் ஒன்பது பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார். சில மாதங்களில் 30-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், பதின்வயதுப் பிள்ளைகள்கூட. நவம்பரில் அவசரமாகச் சட்டமன்றத்தைக் கூட்டி 30 நாள் என்று மாற்றினார்கள்.

மதுரை வக்கீல்:
நம் சட்டத்திலும் 35-ஆவது பிரிவில் ஒப்படைக்க வழி இருக்கிறது. குழு முன்னால் வர வேண்டும், ஆலோசனை தருவார்கள், ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், மனம் மாறினால் இரண்டு மாத அவகாசம் உண்டு. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்யாணம் ஆகாத பெண், வீட்டுக்குத் தெரியாமல் பெற்றவள், பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு அந்த அறையில் உட்காருவாளா? பதினெட்டு வயது ஆகாதவள் என்றால் போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் சட்டம், வந்துவிடும், ஆஸ்பத்திரி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைக்குத் தகப்பன் பெரும்பாலும் தெரிந்த பையன், உறவுக்காரன். அவனைக் காட்டிக் கொடுக்கப் பயந்தே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டாள். அமெரிக்கக்காரர்கள் தாயிடம் கேள்வியே கேட்பதில்லை, நம் சட்டம் வழக்கு வேண்டாம் என்று மட்டும்தான் சொல்கிறது. அதையும் ஸ்டேஷனில் மதிப்பதில்லை. எஸ்எஸ்ஐ சாரின் மோட்டார் கொட்டகைக் கதையை நான் ஒப்புக்கொள்கிறேன். தேடட்டும், ஆனால் நோயாளியைத் தேடுவது போலத் தேடட்டும். போலீஸோடு ஒரு கிராமச் செவிலியரும் போகட்டும்.

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ:
செவிலியர் கூட வரலாம், நல்ல யோசனைதான். ஆனால் வழக்கே கிடையாது என்று ஊர் முழுக்கத் தெரிந்தால் பெண்ணை மிரட்டிக் குழந்தையைப் பிடுங்கிப் போடுகிற மாமியார், கூட்டிக்கொண்டு போய் ஏமாற்றியவன் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். கிராமத்தில் ‘தாய்தான் விட்டாள்’ என்று சொல்வதை அப்படியே நம்ப முடியாது. தேடினால்தான் தாய் சொல்வது வெளியே வரும்.

மதுரை வக்கீல்:
மாமியார் மீது போடுங்கள், ஏமாற்றியவன் மீது போடுங்கள், 38-ஆவது பிரிவு காப்பாற்றுவது பெற்றவர்களை மட்டும்தான். அதிலும் ஏமாற்றியவனே தகப்பனாக இருந்தால் அவனுக்கும் அந்தப் பாதுகாப்பு போய்ச் சேருகிறது என்பது எனக்கே உறுத்தல்தான்.

சேலத்து மலர்:
ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. எடுத்துக் கொடுத்த பூக்கார அம்மாவை இதுவரை மூன்று தடவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் வியாபாரம் போச்சு. ‘உனக்குத் தெரிஞ்ச பொண்ணா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். நேற்று பூ வாங்கப் போனபோது, இனிமேல் எது கிடந்தாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் கண்ணு என்றார்.

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ:
அது பெரிய தப்பு. அவர் சாட்சிதான், ஒரு தடவை அவர் இருக்கும் இடத்துக்கே போய் வாக்குமூலம் வாங்கினால் முடிந்தது. பெண்களைச் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, வீட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும். மறுபடி கூப்பிட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட நில்லுங்கள். தாயைத் தேடுவதில் என் கருத்து மாறவில்லை, ஆனால் அந்த அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் தங்கச்சி.