பிரிச்சு வைச்சாலும் சமனாக் குடுத்தால் பிழையோ? மகளின்ர விவாதத்துக்கு உதவி வேணும்

ஒட்டுசுட்டான்_அப்பா:
வணக்கம். மகள் தரம் 12, அரசறிவியல் செய்யிறா. வாற கிழமை பள்ளிக்கூடத்தில விவாதம். "வசதிகள் சமமாக இருந்தால் இனப் பிரிப்பு அநீதியாகாது" எண்டு பேசச் சொல்லி அவவின்ர அணிக்கு விழுந்திருக்கு. 1896இல ப்ளெஸி வழக்கில அமெரிக்க உயர் நீதிமன்றமே அப்பிடித் தீர்த்ததெண்டு தேடி எடுத்து வைச்சிருக்கிறா. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில ஒரு நியாயம் தெரியுது. 2009இல முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள கிடந்து வந்தவன் நான். சிங்களச் சனம் அவையின்ர பாட்டில, நாங்கள் எங்கட பாட்டில, எல்லாருக்கும் ஒரே அளவாத் தந்தால் சண்டை வராதுதானே எண்டு எத்தினையோ இரவு யோசிச்சிருக்கிறன். ஆராவது விபரமாச் சொல்லுங்கோ.

குளக்கட்டு:
தென்னாபிரிக்காவைப் பாக்கச் சொல்லுங்கோ. பிரிச்சால் சமனாக் குடுக்கோணும் எண்டு அங்கத்தைய நீதிமன்றம் சொல்லப்போய், அதை முறியடிக்கத்தான் 1953இல தனித்தனி வசதிச் சட்டம் கொண்டுவந்தவை. சமனா இருக்கத் தேவையில்லை எண்டு சட்டத்திலயே எழுதிப்போட்டினம். சமனாக் குடுக்கிற எண்ணம் பிரிக்கிறவனுக்கு இல்லவே இல்லை.

பாலைப்பழம்:
அண்ணை, நீங்கள் மனசில கிடக்கிறதை ஒளிக்காமல் எழுதினபடியால் நானும் ஒளிக்காமல் எழுதிறன். ரீச்சரா இருந்து ஓய்வு பெற்றனான்.

என்ர அப்பா அம்மா 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தை விட்டு கிளிநொச்சிக்கு வந்த சனம். காடு வெட்டிக் குடிசை போட்ட இடத்தில கிணறு இல்லை. றோட்டுக்கரையில ஒரு வீட்டுக்குத்தான் தண்ணிக்குப் போவம். நல்ல மனுசர், ஒருநாளும் இல்லையெண்டு சொன்னதில்லை. ஆனால் வாளியைத் தொடக்கூடாது. கிணத்துக்கட்டில இருந்து தள்ளிக் குடத்தை மணல்ல வைச்சிட்டு நிக்கோணும். வீட்டுக்கார அம்மா அள்ளி, வாளி குடத்தில முட்டாமல், உயரத்தில இருந்து ஊத்துவா. அரைவாசி மணலுக்குப் போயிடும். அவவின்ர சமையல் முடியுமட்டும் நிண்டு, பள்ளிக்கூட மணி கேட்டு அழுதுகொண்டு ஓடியிருக்கிறன்.

தண்ணி ஒண்டுதான் அண்ணை. ஒரே கிணறு, ஒரே ஊத்து. இதைவிடச் சமனாத் தண்ணி தர ஆராலும் ஏலாது.

ஆவணியில கிணறு வத்தினால் கலக்கி இறைக்க அப்பாவைத்தான் கூப்பிடுவினம். கயித்தில இறங்கி, முழங்காலளவு சேத்தில நிண்டு, பாசி பிடிச்ச கல்லெல்லாம் கையால உரஞ்சிப்போட்டு ஏறி வருவார். அதுக்குத் தீட்டில்லை. அடுத்தநாள் அவரின்ர பிள்ளை வாளியில கை வைக்கேலாது.

ப்ளெஸி வழக்குக்கு அடியில கிடக்கிறது 1890ஆம் ஆண்டு லூசியானாச் சட்டம். ரயில்ல வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு ஒரு பெட்டி, வசதி சமன் எண்டு எழுதியிருக்கு. அதுக்குள்ளயே ஒரு விலக்கும் இருக்கு: மற்ற இனத்துப் பிள்ளையளைப் பராமரிச்சுக்கொண்டு போற தாதிமாருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வெள்ளைக் குழந்தை மடியில இருந்தால் கறுப்பு மனுசி அந்தப் பெட்டியில இருக்கலாம். தனிய வந்து இருந்தால் குற்றம். முதல்முதல் அதை வாசிச்சண்டு அப்பாவின்ர சேத்துக் கால்தான் என்ர கண்ணுக்குள்ள நிண்டது. எங்கட கதை இனமில்லை, சாதியும் ஊரும்தான். ஆனால் இரண்டிலயும் கிட்ட வாறது அவைக்குப் பிரச்சினையே இல்லை. வேலைக்காரரா வந்தால் வரலாம்.

மகளுக்கு ஒண்டு சொல்லுங்கோ. அமெரிக்காவில தென் கரோலினாவில கிளாரண்டன் எண்ட இடத்தில அந்தக் காலத்தில வெள்ளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் போக 30 பஸ் இருந்தது, கறுப்புப் பிள்ளையளுக்கு ஒண்டுமில்லை. எதிரணி இதைச் சொன்னால், அப்ப பஸ்ஸைக் குடுத்தால் சரிதானே எண்டு அவ மடக்கலாம். கன்சாஸில டொபீக்காவைச் சொன்னால் மடக்கேலாது. அங்க கட்டடம், பாடம், ஆசிரியர் தகுதி எல்லாம் ஏறக்குறைய சமன் எண்டு கீழ் நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. அப்பிடியிருந்தும் லிண்டா பிரவுன் எண்ட சின்னப்பிள்ளை, கிட்டக் கிடந்த வெள்ளையர் பள்ளிக்கூடத்தை விட்டிட்டு பஸ் ஏறி ஒரு மைல் போகவேண்டி இருந்தது. பிரிச்சு வைச்ச பள்ளிக்கூடம் அந்தப் பிரிப்பாலயே சமனில்லாதது எண்டு 1954 மே 17 அண்டு அதே அமெரிக்க உயர் நீதிமன்றத்தின்ர ஒன்பது நீதியரசரும் ஒருமிச்சுச் சொன்னவை.

ஒட்டுசுட்டான்_அப்பா:
ரீச்சர், அப்ப தமிழ்ப் பள்ளிக்கூடம் எண்டு தனிய வைச்சிருக்கிறமே, அதுவும் பிரிப்புத்தானே?

பாலைப்பழம்:
இல்லை அண்ணை. எங்கட பிள்ளையள் எங்கட பாசையில படிக்கோணுமெண்டு நாங்கள் கேட்டு நடத்திறது அது. முகாமை யோசிச்சுப் பாருங்கோ. வரிசையில எல்லாருக்கும் ஒரே அளவாத்தானே சோறும் தண்ணியும் தந்தவை? சமன்தான். படலைத் திறப்பு ஆரின்ர கையில இருந்தது?

ஒட்டுசுட்டான்_அப்பா:
இரவு மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். பாதியில எனக்குக் குரல் வரேல்ல.

ரீச்சர், எங்கட வீட்டுக் கிணத்தடியிலயும் வேலியில ஒரு சிரட்டை தனியக் கொழுவியிருந்தது. வேலைக்கு வாறவை தண்ணி குடிக்க. சின்னனில அதை எடுத்து மண் அள்ளி விளையாடினதுக்கு அம்மாட்ட அடி வாங்கினனான். ஏன் அடிச்சவ எண்டு இவ்வளவு காலமும் யோசிச்சுப் பாக்கேல்ல. அம்மா இப்பவும் என்னோடதான் இருக்கிறா. காலமை கேட்டன். முகத்தை மற்றப்பக்கம் திருப்பிட்டா.

தன்னை மற்ற அணிக்கு மாத்திவிடச் சொல்லி மகள் நாளைக்கு வகுப்பு ரீச்சரைக் கேக்கப் போறாவாம். லூசியானாச் சட்டத்தின்ர அந்த விலக்கை இன்னொருக்கா விளக்கமா எழுதிவிடுங்கோ, கொப்பியில எழுதி வைச்சிருக்கப் போறா.