டிசம்பர் முழுக்க ஜாமீன் வேலை, தூக்கமே இல்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

டர்பன் வக்கீல்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஒன்பது வருஷமாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுகிறேன். இங்கே டிசம்பரில்தான் வெயில் காலம். அது வந்தால் ஊரே கடற்கரைக்குப் போகிறது, எங்களுக்கு அப்போதுதான் லாக்கப் நிறைகிறது. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். ஆனால் அந்தக் கெடு விடுமுறை நாளில் முடிந்தால் அடுத்த கோர்ட் நாள்வரை நீளும். 2025 டிசம்பர் 24 சாயங்காலம் பிடிபட்டவர்களுக்கு 25, 26 அரசு விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. ஆக, 29 திங்கள்தான்.

அந்தத் திங்கள் காலை எனக்கு ஒன்பது பேர். முந்தின நாலு ராத்திரியும் வீட்டார் போன். கீழே லாக்கப்பில் காற்றே இல்லை, கவுனுக்குள் சட்டை நனைந்து ஒட்டுகிறது. கம்பிக்கு வெளியே நின்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன். இரண்டு பையன்களின் முகவரியை மாற்றி எழுதிவிட்டேன். அவர்களில் ஒருவனுக்காகப் போலீஸ் போய்ப் பார்த்தால், அந்த வீட்டில் அவனை யாருக்கும் தெரியவில்லை. ஏழு நாள் வாய்தா. முதல் கேஸ், பத்தொன்பது வயசு. புது வருஷத்துக்கு அவன் வெஸ்ட்வில் சிறையில் இருந்தான். இப்போது வெளியே வந்துவிட்டான். எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை.

ஓய்வுபெற்ற வக்கீல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
தம்பி, ஒரே நோட்டில் ஒன்பது பேரை எழுதாதீர்கள். ஆளுக்கு ஒரு தாள். எழுதி முடித்ததும் முகவரியை அவனையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, தாளோடு ஒத்துப் பாருங்கள். அரை நிமிஷம் ஆகும். நான் முப்பது வருஷம் அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று. எல்லோரும் திங்கள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சின்னக் குற்றம் என்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் உண்டு. அதற்கு மேலே சிலவற்றுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 59ஏ பிரிவில் அரசு வக்கீலே ஜாமீன் தரலாம், ராத்திரியிலும். விடுமுறையில் யார் டூட்டி என்று டிசம்பர் பிறக்கும்போதே விசாரித்து வையுங்கள். ஒன்பதில் இரண்டு மூன்று பேர் அப்போதே வீட்டுக்குப் போயிருப்பார்கள், உங்களுக்கும் பாரம் குறைந்திருக்கும்.

அப்புறம், அந்தப் பையனின் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னீர்களா?

சட்ட உதவி வக்கீல், வெருலம்:
அண்ணா, போன் விஷயத்தில் நான் ஒன்று செய்தேன். குடும்பத்துக்கு ஒருவர்தான் என்னைக் கூப்பிட வேண்டும், மாமா, சித்தி எல்லோரும் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்கு நானே பேசிவிடுவேன், புதுச் செய்தி இல்லாவிட்டாலும். ஒன்றும் தெரியாமல் இருப்பதால்தான் நடுராத்திரியில் கூப்பிடுகிறார்கள். ஆறு மணிப் பேச்சை நான் தவறவிடாததால் ராத்திரிப் போன் நின்றே போனது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் பத்து நாளும் ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறேன்.

டர்பன் வக்கீல்:
ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று சாட்ஸ்வொர்த்துக்குப் போனேன். அந்த அம்மாவிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் மகனைக் கூட்டிவந்து, "இவனிடமும் சொல்லுங்கள்" என்றார்கள். சொன்னேன். அடுத்த வாய்தா பிப்ரவரியில். அவனுக்கென்று தனித் தாள் எழுதிவிட்டேன். முகவரியை அவனே சொன்னான்.