எம்.ஜி.பி. சூடானதும் நின்றுவிடுகிறது, வாங்க வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள், உதவி தேவை

சோலிஹல்_பி:

வணக்கம். பர்மிங்ஹாம் பக்கம் சோலிஹலில் இருக்கிறேன். வண்டி 1972 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), குரோம் பம்பர், ஓவர்டிரைவ் உண்டு, கம்பிச் சக்கரம். 2019-இல் ஒரு பெரியவரின் கராஜில் பாதியில் நின்றுபோன வண்டியாக 3,800 பவுண்டுக்கு எடுத்தேன். பாடி வெல்டிங் எல்லாம் முடிந்தது, இனி மாட்டுகிற வேலைதான் பாக்கி என்று சொல்லிக் கொடுத்தார். அந்த "மாட்டுகிற வேலை" நாலரை வருஷம் இழுத்தது.

1798 சிசி என்ஜினைப் பிரித்து ரிங், பேரிங் எல்லாம் மாற்றினேன். ஹெட்டுக்கு ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ற வால்வ் சீட் போட்டாயிற்று. இரண்டு எஸ்.யூ. கார்ப்பரேட்டரும் ரீபில்டு. பிரேக், வயரிங், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், ஸ்பார்க்குக்கான பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், பிளக் எல்லாமே புதுசு. பெயிண்ட் மட்டும் வெளியே கொடுத்தேன். வாங்கிய விலை போக இதுவரை 11,000 பவுண்டு போயிருக்கும், என் உழைப்புக்குக் கணக்கு இல்லை.

இப்போது விற்கலாம் என்று 13,500-க்குப் போட்டேன். பிரச்சினை என்னவென்றால், வண்டி இருபது இருபத்தைந்து நிமிஷம் அருமையாக ஓடுகிறது, அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடுகிறது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஓரமாக நிறுத்திவிட்டு அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. முதலில் வாங்க வந்தவர் டெஸ்ட் டிரைவில் ரவுண்டானா நடுவில் மாட்டிக்கொண்டார். பின்னால் பஸ், ஹாரன், மனிதர் முகம் போன போக்கைப் பார்த்தே தெரிந்துவிட்டது. இரண்டாவது ஆள் வண்டியை ஓட்டவே இல்லை, அடியில் எட்டிப் பார்த்தார், ஸில் (கதவுக்குக் கீழே ஓடும் தகடு) வேலை செய்தபோது எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றதும் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சூடானதும் நிற்பதற்கு எங்கே தேடுவது? டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது, ஓவர்ஹீட் இல்லை.

வார_இறுதி_மெக்கானிக்:

வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைப்பது) மாதிரி இருக்கிறதே. எந்தப் பெட்ரோல் போடுகிறீர்கள்? 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோல் இ10. பத்து சதவீதம் வரை எத்தனால், பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும். இந்த வயசு வண்டிக்கு சூப்பர் அன்லெடட் இ5தான் சரி. அப்புறம், வண்டி நின்ற கணமே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் காற்று வழி அடைத்திருக்கிறது. இரண்டு பவுண்டு மூடிக்காக என்ஜினையே இறக்கியவனை எனக்குத் தெரியும் (நான்தான்).

லெஸ்டர்_கராஜ்:

தம்பி, ஒரு சாமானும் வாங்க வேண்டாம், முதலில் இதைச் சொல்லும். வண்டி சாகிற நேரம் ஆர்.பி.எம். முள் (என்ஜின் சுற்று காட்டுவது) என்ன செய்தது?

அடுத்த முறை நிற்கும்போது கிளட்சை மிதிக்காமல் கியரிலேயே விடும். சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். முள் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் இக்னிஷன் (ஸ்பார்க் கொடுக்கிற பக்கம்) வேலை செய்கிறது, பெற்றோல் பக்கம் தேட வேணும். வண்டி ஓடிக்கொண்டிருக்கவே முள் பொத்தென்று பூச்சியத்துக்கு விழுந்தாலோ, பைத்தியம் பிடித்த மாதிரித் துடித்தாலோ, பெற்றோலை மறந்துவிடும். காயில், பாயிண்ட், கண்டென்சர், அவற்றுக்குப் போகிற வயர், இவ்வளவுதான்.

ஓரமாக நிறுத்தின பிறகு சாவியை அணைத்துத் திரும்பப் போட்டு, சீற்றுக்குப் பின்னால் காதை வையும். பெற்றோல் பம்ப் நாலைந்து தரம் "டிக் டிக்" என்று அடித்துவிட்டு நின்றால் கார்ப்பரேட்டரில் பெற்றோல் நிறைந்திருக்கிறது, அதில் பிழையில்லை. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் வரவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

எல்லாம் புதுசு என்று எழுதியிருக்கிறீர். எனக்கு அதுதான் யோசனை. இப்ப வருகிற புதுக் கண்டென்சரையும் ரோட்டாரையும் நான் நம்புவதில்லை. லூக்காஸ் கம்பெனியின் பழைய சாமானை எறிந்துவிட்டீரா?

கோவை_கியர்:

அண்ணன் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். எம்.ஜி.பி.யை நான் தொட்டதில்லை, ஆனால் எங்கள் அப்பாவின் அம்பாசிடர் என்ஜினும் அதே பி.எம்.சி. பி-சீரிஸ்தான், அது 1489 சிசி, உங்களது அதன் பெரிய அண்ணன். மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறில் ஏறும்போதெல்லாம் இதே கூத்து. ஈரத் துணி போடு, பம்புக்குத் தண்ணி ஊற்று என்று ஆளுக்கொரு வைத்தியம். கடைசியில் ஒரு வயசான மெக்கானிக் கண்டென்சரை மட்டும் கழற்றி ரோட்டில் வீசிவிட்டு சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். இருபது ரூபாய் வாங்கினார் என்று நினைவு.

லெஸ்டர்_கராஜ்:

அம்பாசிடர் என்றதும் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் யுத்த நேரம் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லை, கார்ப்பரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மொரிஸ் மைனர், ஏ40 எல்லாம் புகை கக்கிக்கொண்டு ஓடின. பிரிட்டிஷ் என்ஜின் எதைக் குடித்தாலும் ஓடும், ஸ்பார்க் மட்டும் ஒழுங்காக வர வேணும். சரி, விஷயத்துக்கு வாரும் தம்பி, முள் என்ன செய்தது?

சோலிஹல்_பி:

மன்னிக்கவும், வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். நேற்று மாலை வேண்டுமென்றே ஸ்ட்ராட்ஃபர்ட் ரோட்டில் எடுத்துப் போனேன். 22-ஆவது நிமிஷம் நின்றது. மூன்றாவது கியர், கிளட்சை மிதிக்கவில்லை. முள் இரண்டு தரம் மேலும் கீழும் குதித்தது, அப்புறம் பூச்சியம். வண்டி அப்போதும் முப்பது மைல் வேகத்தில் உருண்டுகொண்டிருந்தது! பம்ப் ஐந்து தரம் அடித்து நின்றது. டேங்க் மூடியில் காற்றுச் சத்தம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து கண்டென்சரைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். ஆறியிருந்தபோது சரியாகத்தான் காட்டியது. பிறகு மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து ஐந்து நிமிஷம் அதன்மேல் பிடித்தேன் (கேட்டதற்கு "தலை காயவில்லை" என்றேன், எனக்குத் தலையில் முடியே கிடையாது). ஓம்ஸ் இறங்கி இறங்கிக் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. உள்ளே ஷார்ட். பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் அறுபடாது, காயில் எங்கிருந்து ஸ்பார்க் கொடுக்கும்?

பழைய கண்டென்சர் பிஸ்கட் டின்னில் கிடந்தது. மாட்டி, பாயிண்ட் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து, இன்று காலை ஒன்றே கால் மணி நேரம் ஓட்டினேன். நிற்கவில்லை. லெஸ்டர் அண்ணனுக்குக் கோடி நன்றி.

விலையை 13,500-லேயே வைத்து மறுபடி விளம்பரம் போடுகிறேன். போட்டோக்களை இங்கேயும் போட்டிருக்கிறேன், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வெல்டிங்_வேலு:

என்ஜின் ஓடியதில் சந்தோஷம். ஆனால் நாலாவது போட்டோவைப் பாருங்கள், வலது கதவு. கதவின் பின் விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி கீழே ஒரு அளவு, மேலே போகப் போக ஒடுங்குகிறது. கீலை அட்ஜஸ்ட் செய்து பார்த்தீர்களா?

உங்களுடைய இரண்டாவது ஆள் ஏன் ஸில் போட்டோ கேட்டார் என்று சொல்கிறேன். ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது. கதவுக்குக் கீழே ஓடுகிற அந்த ஸில் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. வெளித் தகடு, உள் தகடு, அடியில் காசில் ரெயில் என்று மூன்றும் சேர்ந்து. அதை வெட்டி எடுக்கும் முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே கம்பி வைத்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் வெல்டு அடித்தால் அந்தத் தொய்வு அப்படியே நிரந்தரம். சில பேர் வெட்டுவதே இல்லை, துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்து பட்டி பார்த்துவிடுவார்கள்.

இரண்டு சோதனை. ஸில்லின் ஜாக்கிப் புள்ளியில் வண்டியைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள், இடுக்கு மாறுகிறதா பாருங்கள். அப்புறம் அடியில் படுத்து விளிம்பைப் பாருங்கள். காசில் ரெயிலில் தண்ணீர் வடிய, கோட்டை மதில் மாதிரி விட்டு விட்டு வாய்கள் இருக்கும். அவை தெரியாவிட்டால் யாரோ மூடியிருக்கிறார்கள்.

சோலிஹல்_பி:

இரண்டு நாளாக இங்கே வர மனசு வரவில்லை.

ஜாக்கி போட்டேன். கதவு இடுக்கு 4 மில்லிமீட்டர் இருந்தது ஒன்றரை ஆகிவிட்டது. கதவைத் திறக்கத் தோளால் முட்ட வேண்டியிருந்தது. அடியில் ஒரு வாய் கூடத் தெரியவில்லை, வழவழவென்று ஒரே தகடு, மேலே தடிமனாகக் கறுப்பு அண்டர்சீல் (அடிப்பக்கத் துருத் தடுப்புப் பூச்சு). உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள் ஸில்லில் சிவப்பாகப் பொடி கொட்டுகிறது. கையில் எடுத்துத் தேய்த்தால் மிளகாய்த்தூள் மாதிரி.

நாலரை வருஷம் அந்தக் கார்ப்பெட்டின் மேல் மண்டிபோட்டு வயரிங் செய்திருக்கிறேன். ஒருமுறை கூடக் குத்திப் பார்க்கத் தோன்றவில்லை. பெரியவர் தெரிந்து சொன்னாரா, அவரையும் யாராவது ஏமாற்றினார்களா தெரியாது, இப்போது அவர் இல்லை.

என்ன செய்ய? பெயிண்டை உடைத்து ஸில் மாற்றுவதா, இப்படியே விற்பதா?

வார_இறுதி_மெக்கானிக்:

1972 வண்டிக்கு எம்.ஓ.டி. (வருஷாந்தரத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்குகிறார்? பளபளவென்று இருக்கிறது, அப்படியே தள்ளிவிடுங்கள்.

வெல்டிங்_வேலு:

இதைப் படிக்கிற யாரும் இந்தப் புத்தியைக் கேட்காதீர்கள். எம்.ஓ.டி. விலக்கு என்றால் வண்டி ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை என்று அர்த்தமில்லை. ரோட்டில் ஓட்டத் தகுதியில்லாத வண்டியை ஓட்டுவதற்கென்று விற்பது இங்கே குற்றம். தனி ஆள் விற்றாலும் விளம்பரத்தில் சொன்னது பொய்யாக இருந்தால் காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். "பாடி வெல்டிங் முடிந்தது" என்ற வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஒழுங்காகச் செய்தால் முன் விங்கை (மட்கார்டு) கழற்றி, பின் விங்கின் அடியை வெட்டி, இரண்டு பக்கமும் ஸில் மாற்றி, மறுபடி பெயிண்ட். வெளியே கொடுத்தால் பல ஆயிரம். விட்னியில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் இன்றும் பழைய அச்சிலேயே முழு பாடி அடிக்கிறார்கள், ஆனால் அது மட்டுமே பத்தாயிரம் பவுண்டுக்கு மேல். இதற்குமேல் போட்டால் காசு திரும்பாது.

லெஸ்டர்_கராஜ்:

வேலு சொல்வது சரி. தம்பி, கார்ப்பெட்டை மடித்து வைத்து, ஓட்டையைக் கிட்ட வைத்து வடிவாகப் போட்டோ எடும். அதையே விளம்பரத்தின் முதல் போட்டோவாகப் போடும். ஓட்டிப் போக அல்ல, வேலை செய்து எடுக்க என்று எழுதி டிரெய்லரில் ஏற்றிக் கொடும். என்ஜின், கியர்பெட்டி, ஓவர்டிரைவ், கார்ப்பரேட்டர் பில்லெல்லாம் இருக்குதானே? வெல்டிங் தெரிந்தவனுக்கு அதுதான் வேணும். கேய்டன் கார் மியூசியத்தில் ஹெரிட்டேஜ் சான்றிதழும் எடுத்து வையும், என்ன நிறத்தில் பாக்டரியை விட்டு வந்தது, என்ஜின் நம்பர் என்ன என்று அதில் இருக்கும்.

சோலிஹல்_பி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சான்றிதழ் வந்தது. சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் என் வண்டி ஆபிங்டன் பாக்டரியை விட்டு வந்தபோது டீல் ப்ளூவாம் (பச்சை கலந்த நீலம்). என்ஜின் நம்பர் மட்டும் பொருந்துகிறது, அதுவரை நிம்மதி.

துருப் போட்டோவை முதலில் போட்டு 9,000 கேட்டேன். நாலு பேர் கூப்பிட்டார்கள், இரண்டு பேர் "பாதி விலைக்குத் தருகிறாயா" ரகம். சனிக்கிழமை ஒருவர் டார்ச், தரையில் விரிக்க ஒரு பழைய யோகா பாய், சின்னச் சுத்தியல் சகிதம் வந்தார். அரை மணி நேரம் அடியில்தான் இருந்தார், தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. வெளியே வந்து, தலையில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டு, "போட்டோவில் இருந்ததைவிட மோசமில்லை" என்றார். என்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டினேன், ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். 8,200-க்கு முடிந்தது. அவர் எப்படியும் பெயிண்டை உரித்து டீல் ப்ளூ அடிக்கப் போகிறாராம், அதனால் ஸில்லை வெட்டுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை.

கிட்டத்தட்ட 6,600 நஷ்டம். மனைவியிடம் 5,000 என்று சொல்லியிருக்கிறேன்.

கோவை_கியர்:

வண்டியில் எந்தக் கண்டென்சரோடு அனுப்பினீர்கள்?

சோலிஹல்_பி:

பழைய லூக்காஸ் வண்டியிலேயே இருக்கிறது. கெட்ட புதுசை நகப்பூச்சால் சிவப்பாக்கி பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டேன். ஹேர் டிரையரில் இன்னும் கிரீஸ் வாசனை போகவில்லை, அதற்கு யாரிடமாவது வைத்தியம் இருந்தால் சொல்லுங்கள்.