ரீமேக்கைத் தமிழில் எப்படி எழுதுவது? (திங்கட்கிழமை வகுப்பு, அவசரம்)

ம.ச. | வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஒரு சின்ன உதவி. எங்கள் கல்லூரியில் தமிழ் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குத் திரைப்பட ரசனை என்று புதிதாக ஒரு தாள் வைத்து, யார் எடுப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் தலையில் கட்டிவிட்டார்கள். ஹாங்காங்கில் 2002இல் வந்த இன்ஃபெர்னல் அஃபேர்ஸ், அதை மார்ட்டின் ஸ்கார்சீஸி பாஸ்டனுக்குக் கொண்டுபோய் 2006இல் எடுத்த தி டிபார்ட்டட், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பேசப் போகிறேன். நான்கு பக்கக் குறிப்பை ஞாயிறு மாலைக்குள் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாக வேண்டும். ரீமேக் என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் வருகிறது. மறுவாக்கம் என்று போட்டிருக்கிறேன், படித்துப் பார்த்தால் அரசாணை வாசிக்கிற மாதிரி இருக்கிறது. நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். ஒரிஜினலுக்கும் ஒன்று வேண்டும்.

த.வெ. | வெள்ளி, இரவு 9.58

ரீமேக். இதற்கு மேல் என்ன வேண்டும்? டீக்கடையில் நிற்கிறவர் "இது அந்தப் படத்தோட ரீமேக்" என்றுதான் சொல்கிறார், அவருக்கு நாம் ஏன் மறுபடியும் அரிச்சுவடி எடுக்க வேண்டும்? நான் பன்னிரண்டு வருடமாக சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவன். திரையில் ஒரு சொல் நிற்பது ஒன்றரை நொடி. அதற்குள் புரியாவிட்டால் அது சொல்லே இல்லை. தொல்காப்பியரே "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

செ.கோ. | சனி, காலை 5.15

த.வெ. தம்பி தொல்காப்பியரைத் துணைக்கு அழைத்தது மகிழ்ச்சி. அழைத்தவர் மொழிமுதல் எழுத்துகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு அழைத்திருக்கலாம். ரகரம் மொழிக்கு முதலில் வராது, ஆகவே இரீமேக்கு என்றல்லவா எழுத வேண்டும்! ககர மெய்யிலும் சொல் முடியாது என்பதால்தான் அந்த உகரம்.

அம்மா, மறுவாக்கத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மறு என்றால் மீண்டும் என்பது ஒரு பொருள், மறுத்தல் இன்னொன்று, களங்கம் மூன்றாவது. "மதிக்கண் மறுப்போல் உயர்ந்து" என்கிறார் வள்ளுவர். மறுவுடைய ஆக்கம் என்று ஒருவன் பிரித்தால் என்ன செய்வீர்கள்? (சில ரீமேக்குகளுக்கு அது பொருந்தும் என்பது வேறு.)

சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது, தேட வேண்டியதில்லை. முதல்நூல், அதைப் பின்பற்றி எழுதும் வழிநூல் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. வழிநூல் எப்படியெல்லாம் வரும் என்றும் சொல்கிறது: "தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தலோடு அனைமர பினவே". சுருக்குவது, விரிப்பது, இரண்டும் கலப்பது, மொழிபெயர்த்து நெறிப்பட அமைப்பது, இந்த நான்கும்தான். ஆகவே முதற்படம், வழிப்படம். ஒற்று மிகும், மறந்துவிடாதீர்கள்.

யோ. | சனி, காலை 7.02

டொராண்டோவில் இருந்து வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் இந்த மறு அவ்வளவாகப் புழங்காது. மீள்குடியேற்றம், மீளாய்வு, மீள்பார்வை என்று மீள்தான். மீளாக்கம் என்று வைத்தால் அழகாக இருக்கிறது, நாலெழுத்துக்கு மேல் ஒன்றுதான் கூட.

வழிப்படம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் ஐயா. யாரோ சாமி படம் எடுத்து வழிபடுகிற மாதிரி இல்லையா?

செ.கோ. | சனி, காலை 7.40

சுந்தரர் திருவாரூரில் "மீளா அடிமை உமக்கே ஆளாய்" என்று பாடியது நினைவிருக்கும். மீளாக்கம் என்றதும் என் காதில் மீளா ஆக்கம் என்றே விழுகிறது, போனால் திரும்பி வராத ஆக்கம்.

யோ. | சனி, காலை 7.55

அப்படிப் பிரித்தால் வகர உடம்படுமெய் வந்து மீளாவாக்கம் என்றல்லவா ஆகும்? நீங்கள் சொல்லிக்கொடுத்த இலக்கணம்தான் ஐயா.

செ.கோ. | சனி, காலை 8.10

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காது இலக்கணம் படித்ததில்லையே.

அ.மு. | சனி, காலை 11.30

நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும், நான் இலக்கணக்காரன் இல்லை, படம் பார்க்கிறவன். ஆனால் செ.கோ. ஐயா எடுத்துக் காட்டிய நூற்பாவைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த இரண்டு படங்களுக்கும் அது அச்சில் வார்த்த மாதிரி பொருந்துகிறது.

கதை தெரியாதவர்களுக்கு: போலீஸ்காரன் ஒருவன் ரௌடிக் கும்பலில் ஆளாக வேடம் போட்டு இருக்கிறான், கும்பலின் ஆள் ஒருவன் போலீஸில் அதிகாரியாக இருக்கிறான். ஒருவனை ஒருவன் தேடுகிறார்கள். ஹாங்காங்கில் டோனி லியுங்கும் ஆண்டி லாவும், பாஸ்டனில் டிகாப்ரியோவும் மேட் டேமனும்.

இப்போது கணக்குப் பாருங்கள். மூலம் 101 நிமிடம், ரீமேக் 151 நிமிடம். இது விரித்தல். மூலத்தில் ஒருவனுக்கு எழுத்தாளர் காதலி, இன்னொருவனுக்கு மனநல மருத்துவர். ரீமேக்கில் இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரே மருத்துவர் ஆகிவிட்டார்கள், இரண்டு பேருமே அவரோடு பழகுகிறார்கள். இது தொகுத்தல். ஆனால் வாங் என்ற ஒரே மேலதிகாரியை மார்ட்டின் ஷீன், மார்க் வால்பெர்க் என்று இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். ஆக ஒரே படத்துக்குள் தொகையும் விரியும். பௌத்த நரகத்தை எடுத்துவிட்டு ஐரிஷ் கத்தோலிக்கப் பாவ உணர்ச்சியை வைத்ததைத்தான் மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என்பேன். நான்கு வகையும் வந்துவிட்டன!

ஆனால் முடிவில் இடிக்கிறது. ஹாங்காங் படத்தின் சீனப் பெயருக்கு இடைவிடாத வழி என்று பொருள். பௌத்தத்தில் ஆகக் கீழான நரகமான அவீசியைக் குறிப்பது. அங்கே கிடப்பவனுக்குச் சாவு வராது, வராமலிருப்பதுதான் தண்டனை. அதனால் ஆண்டி லாவ் உயிரோடு விடப்படுகிறான். நல்லவனைப் புதைக்கும்போது சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிறான், நமக்கு வயிற்றைப் பிசைகிறது. ஸ்கார்சீஸி படத்தில் வால்பெர்க் வீட்டுக்கே வந்து காத்திருந்து டேமனைச் சுட்டுவிடுகிறார். கணக்குத் தீர்ந்தது, எழுந்து போகலாம். போதாததற்குக் கடைசிச் சட்டகத்தில் பால்கனிக் கம்பியில் ஓர் எலியை நிஜமாகவே ஓடவிடுகிறார், துரோகி என்று நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்று. ஸ்கார்சீஸி மீது எனக்கு எவ்வளவு பக்தி இருந்தாலும் அந்த எலியை மன்னிக்க முடியவில்லை.

(சீனப் பெருநிலத்துக்கு என்று மூலத்துக்கே இன்னொரு முடிவும் எடுத்தார்கள், அதில் ஆண்டி லாவ் கைதாகிறான். குற்றவாளி தப்பக் கூடாதாம். அங்கே தணிக்கைக்காகச் செய்ததை இங்கே யாரும் கேட்காமலே செய்திருக்கிறார்கள்.)

பரீட்சைக்குப் படித்த நன்னூல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது: "முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி" என்பதுதானே, அதாவது முன்னவர் முடிபோடு ஒத்துப்போய்த் தான் வேண்டும் மாற்றங்களைச் சொல்வதுதானே வழிநூல்? முடிபு ஒக்கவில்லையே ஐயா! அப்படியானால் தி டிபார்ட்டட் வழிப்படம் ஆகுமா?

செ.கோ. | சனி, பகல் 12.20

அ.மு. தம்பி, இலக்கணக்காரன் இல்லை என்று சொல்லிக்கொண்டு இப்படிக் கேட்பது நியாயமா? நன்னூலில் முடிபு என்பது நூலாசிரியன் நிறுவும் கருத்து, கதையின் கிளைமாக்ஸ் அல்ல. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இங்கே கருத்தே மாறித்தான் போயிருக்கிறது. சாகாமை தண்டனை என்பது ஒரு கருத்து, சாவு தண்டனை என்பது வேறு. அப்படியானால் இது "திரிபு வேறுடையது", புடைநூல், அதாவது முன்னூலைச் சார்ந்தும் வேறுபட்டுப் போகும் சார்புநூல். சார்புப்படம் எனலாம்.

இன்னும் ஒன்று. மூலத்தின் பெயரிலேயே வழி இருக்கிறது என்கிறீர்கள். அதர் என்றாலும் வழிதான். இது தற்செயல்தான், ஆனாலும் விடுவதற்கு மனம் வரவில்லை. அவீசி வடசொல். நம் நிகண்டுகளில் நரகம் ஏழு: அள்ளல், இரௌரவம், கும்பிபாகம், கூடசாலம், செந்துத்தானம், பூதி, மாபூதி. இவற்றில் அள்ளல்தான் கலப்பில்லாத தமிழ், சேறு என்று பொருள். காலை இழுத்தால் வராது. இடைவிடாத நரகத்துக்கு அதைவிட நல்ல பெயர் உண்டா?

டிபார்ட்டட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? செத்தவர் என்றா சொல்வோம், அமரர் என்போம். அமரர் என்றால் நேர்ப்பொருள் சாகாதவர்! ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்கினால் அது சீனத் தலைப்பின் நரகத்துக்கே திரும்பிப் போகிறது. காலை முதல் இதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

குறளில் ஒற்றாடலையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் அம்மா. "ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்". ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாமல் வைத்துக்கொள், மூன்று பேர் சொல் ஒத்தால் நம்பு. அந்த வாங் என்பவர் மூன்று பேரை உள்ளே அனுப்பியிருந்தால் கதை அரைமணியில் முடிந்திருக்கும்.

த.வெ. | சனி, பகல் 1.05

ஐயா, அந்த அம்மா கேட்டது ஒரு சொல். நாம் ஏழு நரகம் கொடுத்திருக்கிறோம்.

ம.ச. | சனி, மாலை 6.30

இல்லை இல்லை, அமரரை எடுத்துக்கொண்டேன், குறளையும் எடுத்துக்கொண்டேன். ஆனால் சொல் இன்னும் கிடைக்கவில்லையே. வீட்டில் என் கணவர் தழுவல் என்று போடு, எல்லாருக்கும் தெரியும் என்கிறார். அது ஏன் கூடாது?

அ.மு. | சனி, இரவு 8.15

கூடாது என்றில்லை. தி டிபார்ட்டட் திரைக்கதை எழுதிய வில்லியம் மொனஹனுக்கு ஆஸ்கர் கொடுத்ததே தழுவல் திரைக்கதைப் பிரிவில்தான். (விழாவில் அறிவிப்பாளர் மூலத்தை ஜப்பானியப் படம் என்று சொல்லிவைத்தார்.) ஆனால் நாவலில் இருந்து எடுத்தாலும் தழுவல், நாடகத்தில் இருந்து எடுத்தாலும் தழுவல். படத்தில் இருந்து படம் என்பது தனியாகத் தெரிய வேண்டாமா?

சார்புப்படம் என்பதும் ஒத்துவராது, சொல்கிறேன். டச்சுக்காரர் ஜார்ஜ் ஸ்லூய்ஸர் 1988இல் ஸ்போர்லோஸ் என்று ஒரு படம் எடுத்தார். பெட்ரோல் பங்கில் காணாமல்போன காதலியைத் தேடுகிறவன் கதை. அதன் முடிவைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. 1993இல் ஹாலிவுட் அவரையே கூப்பிட்டு அதே கதையை எடுக்கச் சொன்னது, முடிவில் நாயகன் பிழைத்துக்கொள்கிறான். தன் நூலுக்குத் தானே சார்புநூல் எழுதலாமா? மைக்கேல் ஹானெக்கேவின் ஃபன்னி கேம்ஸ் இதற்கு நேர் எதிர். 1997இல் ஆஸ்திரியாவில் எடுத்ததை 2007இல் ஆங்கிலத்தில் ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்தார். முடிபு ஒருங்கு ஒக்கிறது, பின்னோன் வேண்டும் விகற்பம்தான் இல்லை. ஆகவே அதுவும் வழிப்படம் இல்லை. ஐயாவின் இலக்கணப்படி உலகத்தில் எந்த ரீமேக்கும் ரீமேக் இல்லை என்று முடியும் போலிருக்கிறது.

செ.கோ. | ஞாயிறு, காலை 5.05

ஷாட்டுக்கு ஷாட் எடுத்தது படி. படியெடுப்பு. அதற்கு ஏன் இரண்டாவது தயாரிப்பாளர்?

யோ. | ஞாயிறு, காலை 6.20

நான் மீளாக்கத்தை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் வகுப்பு தமிழ்நாட்டில். மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று பரீட்சைக்குப் பணம் கட்டுகிற பிள்ளைகளுக்கு மறு உடனே புரியும். மறுவாக்கத்துக்கு அரை மனதோடு ஒரு கை.

த.வெ. | ஞாயிறு, காலை 9.00

மறுவாக்கம் என்றே போடுங்கள், முதல் தடவை வரும் இடத்தில் "அதாவது ரீமேக்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். தோற்றவன் கோரிக்கை.

அ.மு. | ஞாயிறு, காலை 10.10

எனக்கும் மறுவாக்கம் சரி. தொகுத்தல் விரித்தல் நான்கையும் பயிற்சிக் கேள்வியாக வையுங்கள், அதை விடக் கூடாது.

ம.ச. | திங்கள், மாலை 4.50

வகுப்பு முடிந்தது. மறுவாக்கம் என்றே அடித்தேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவும் இல்லை. கேள்வி கேட்ட பிள்ளைகள் எல்லாரும் ரீமேக் என்றே கேட்டார்கள். நான் பதில் சொல்லும்போது மறுவாக்கம் என்பேன், அடுத்த கேள்வி மறுபடி ரீமேக் என்று வரும்.

தொகுத்தல் விரித்தல் நன்றாகப் போனது. ஒரு பெண் எழுந்து, மூலத்தில் நாயகன் மேலதிகாரிக்கு விரலால் தட்டி மோர்ஸ் குறியில் சேதி அனுப்புகிறான், பாஸ்டன்காரன் செல்போனில் அனுப்புகிறான், இது எந்த வகை மேடம் என்றாள். எனக்குத் தெரியவில்லை.

நாம் கவனிக்காமல் விட்டது ஒரிஜினலை. மூலப்படம் என்று போட்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒருவன் "மூலம்" என்று மெதுவாகச் சொல்லி நெளிந்து உட்கார்ந்து காட்ட, ஐந்து நிமிடம் வகுப்பு என் கையில் இல்லை.

செ.கோ. | திங்கள், மாலை 5.30

முதற்படம் என்று நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்குமா?

அ.மு. | திங்கள், மாலை 5.42

ஸ்கார்சீஸியின் முதற்படம் என்று நினைத்து 1967க்குப் போயிருப்பார்கள் ஐயா.

செ.கோ. | திங்கள், இரவு 7.15

போகட்டும். வழிப்படமே சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். அம்மா அனுப்பிய குறிப்பை முழுக்கப் படித்தேன், நன்றாக வந்திருக்கிறது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு உரையாசிரியர்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி: மறுவாக்க படம் என்று இருக்கிறது. நடுவில் ஓர் ஒற்றைக் காணோம்.