மனச்சோர்வுக்கு அழற்சியைத் தடுக்கும் மருந்து உதவுமா?

கேள்வி (கோத்தகிரி): இருமுறை மாத்திரை மாற்றியும் என் அக்காவின் மனச்சோர்வு நீங்கவில்லை. இரத்தத்தில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) மிகுந்திருப்பதால், நோயெதிர்ப்பு மண்டலத்தைக் குறிவைக்கும் மருந்தைக் கேட்கலாமா?

பதில் (குன்னூர்): 2013இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுடைய 60 பேரில் ஒரு பாதியினருக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்னும் அழற்சி தடுப்பு மருந்தும், மறுபாதியினருக்கு மருந்தற்ற திரவமும் மூன்று முறை ஏற்றி, 12 வாரம் கவனித்தார்கள். மொத்தத்தில் வேறுபாடு இல்லை, ஆனால் சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடம் பயனுக்கான அறிகுறி தெரிந்தது. ஆகவே, அழற்சி உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தே இத்தகைய மருந்துகளைச் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பதில் (உதகை): அம்மருந்து உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். சி.ஆர்.பி. சளியாலும் பல் சீழாலும்கூட உயரும். முதலில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்: கடைவாய்ப் பல் வீங்கியிருந்த வாரத்தில்தான் அக்காவுக்கு இரத்தம் எடுத்தார்கள். இதை மருத்துவரிடம் சொல்கிறோம்.