புதுப்பிப்பு: படகு வார்ப்பு அச்சிலிருந்து வெளியே வந்துவிட்டது!

நெடும்பயணத்துக்கென்று புதிய பாய்மரப் படகு ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்ததையும், டெலிவரி தள்ளிக்கொண்டே போவதையும் முன்பு எழுதியிருந்தேன். "வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். ஒப்பந்தத்தில் அதைச் சேர்த்துவிட்டோம், நன்றி.

இப்போது அடிப்பகுதி வார்த்து முடிந்து, மேல்தளமும் ஒட்டப்பட்டிருக்கிறது. பின்புறம் வலப்பக்க மேல்மூலையில் படகின் அடையாள எண் பதிந்திருக்கும். அதைப் படத்தில் பார்த்து, ஒப்பந்தத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்த பிறகே அடுத்த தவணையை அனுப்பினேன். பணம் எந்தப் படகுக்குப் போகிறது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. எல்லோருமே இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பேன்.

தாமதம் இன்னும் தீரவில்லை. பாய்மரக் கம்பம் வேறு இடத்தில் தயாராகிறது. படகு லாரியில் வரும்போது கம்பம் தனியாகத்தான் வரும். படகுத்துறையில் கிரேன் வைத்து நிறுத்தி, தாங்கு கம்பிகளை முறுக்கேற்ற வேண்டும். புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் தளரும், அதனால் மறுபடி இறுக்குவதையும் டீலரின் பொறுப்பாகவே எழுதி வாங்கியிருக்கிறோம்.

அப்புறம், கடைசித் தவணை கடலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான். எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டி, வெப்பநிலையைப் பார்த்து, அடித்தளப் பலகைகளைத் தூக்கி எங்காவது நீர் கசிகிறதா என்று தடவிப் பார்க்கப்போகிறேன். எங்கள் தரப்பில் தனியாக ஒரு சர்வேயரும் (படகைச் சோதித்துக் குறைகளை எழுதித் தருபவர்) வருவார். புதுப் படகுக்கு அது வீண்செலவு என்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. உத்தரவாதக் காலம் ஓடத் தொடங்கும் முன்பே குறைகள் எழுத்தில் இருப்பது நல்லது.

கம்பம் வந்து சேர்ந்ததும் எழுதுகிறேன்.